எழுபதுக்கு மேலே

புல்லாநேரியில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போடுவதில்லை, எண் போடுவார்கள். ‘செல்வன் தருண், 78’ என்று. எழுபதுக்குக் கீழே இருந்தால் போடமாட்டார்கள். போடாவிட்டால் சேதி எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதற்குப் பத்திரிகை அடிக்காமலே இருந்திருக்கலாம். மணப்பெண்ணுக்கும் இதே கதைதான். அந்த எண்ணுக்கு மீளெண் என்று பெயர். அதைக் கண்டுபிடித்த டாக்டர் ஜெசிந்தாவுக்கு வயது அறுபத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. எப்படி உடைகிறது, எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததிலேயே வயது போய்விட்டது.

அந்த ஊரில் ஒரு சாலைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள் என்று மதுரையிலிருந்து கார் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று பேர் கவிதை படித்தார்கள். கடைசியாக ஜெசிந்தா எழுந்து, ஆயிரம் கூட்டத்தில் சொன்னதை ஆயிரத்தோராவது தடவையாகச் சொன்னார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு நூல் இருக்கு. நாம இழுக்கிற மூச்சுல இருக்கிற ஆக்சிஜனே அந்த நூலை தினமும் கடிக்கும். புகை, ரசாயனம்னு சேர்ந்தா இன்னும் கடிக்கும். அறுந்த இடத்தை உடம்பு தானே ஒட்டிக்கும். சில பேருக்கு சீக்கிரம் ஒட்டும், சில பேருக்கு மெதுவா ஒட்டும். எவ்வளவு சீக்கிரம்ங்கிறதுதான் இந்த எண். உங்க ஊர்ல அது அதிகம். அவ்வளவுதான் நான் சொன்னேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதை வைத்து அரசாங்கம் சட்டம் போட்டது. பழைய கார் பேட்டரிகளை உடைத்து உலோகம் எடுக்கிற ஆலைகளில், உடைத்து உருக்குகிற கொட்டகைக்குள் போகிற ஆளின் மீளெண் எழுபதுக்குக் கீழே இருந்தால் தலைமுதல் கால்வரை மூடிய கவச உடையும் காற்றுக் குழாயும் கொடுக்க வேண்டும். எழுபதுக்கு மேலே இருந்தால் கையுறை போதும். கவச உடை போட்டவர் ஒரு பேட்டரி உடைக்கிற நேரத்தில் போடாதவர் நான்கு உடைப்பார். ஆகவே எழுபதுக்காரர்கள் எந்த ஊரில் மண்டிக்கிடக்கிறார்களோ அந்த ஊரில் போய் ஆலையைக் கட்டினார்கள். புல்லாநேரிக்கு வேலை வந்தது, இரட்டைக் கூலி வந்தது, மாடி வீடு வந்தது. முன்பு தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கி ஊற்றிய பக்கத்து ஊர்க்காரர்கள், இப்போது ‘நல்ல ரத்தம்’ என்று பெண் கேட்டு வந்தார்கள். சாலைக்குப் பெயர் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

விழா முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் வருடாந்திர மீளெண் சோதனை நடந்துகொண்டிருந்தது. தான் பெற்ற பிள்ளை பள்ளியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போன தாய் மாதிரி ஜெசிந்தா அங்கே போய் நின்றார்.

வரிசையில் முதலில் நின்றவள் மோனிஷா. முப்பத்திரண்டு வயது, கொட்டகையில் பெண்கள் அணிக்கு மேஸ்திரி. விரலில் குத்தி, தீப்பெட்டி அளவிலான பெட்டிக்குள் இரண்டு சொட்டு விட்டாள். மூடினாள். அந்தப் பெட்டியைத் தொடையில் பட், பட், பட் என்று ஓங்கி மூன்று தட்டுத் தட்டி இயந்திரத்தில் செருகினாள். 76 என்று விழுந்தது. அடுத்தவளும் மூன்று தட்டினாள். அதற்கடுத்த கிழவரும் தட்டினார்.

"ஏம்மா, அது என்ன தட்டு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அதுவா டாக்டரம்மா? மொத மொத இந்தப் பெட்டி வந்தப்ப ஊர்ல எல்லாருக்கும் எண்ணு படுத்துருச்சாம். எங்க அத்தைக்குச் சொட்டு உள்ளயே இறங்கல. கோவத்துல தொடையில நாலு போடு போட்டுருக்கு. எண்பத்தொண்ணு வந்துருச்சு! அன்னையிலேர்ந்து ஊரே தட்டுது."

"தட்டாம யாராவது போட்டுப் பாத்திருக்காங்களா?"

"வம்பு என்னத்துக்கு? சாமி கும்பிடாம யாராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்புவாகளா?"

ஜெசிந்தாவின் பையில் அவருடைய சொந்த இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் போடுவது அரசாங்கப் பதிவேட்டில் ஏறாது. இன்னொரு விரலைக் குத்தி, தட்டாமல் ஒரு முறை போட்டுக் காட்டச் சொன்னார். மோனிஷாவுக்கு மனசில்லை. ஆனாலும் சாலைக்குப் பெயர் வைத்த அன்றே அந்தம்மாவிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போட்டாள்.

43.

"பாத்தீகளா? நான் சொல்லல?" மோனிஷா கைகொட்டிச் சிரித்தாள். "தட்டாட்டி இறங்கிரும்!"

வரிசையே சிரித்தது. ஜெசிந்தா சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் காரில் ஏறிவிட்டார். டாக்டரம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மதுரைக்கு வந்து, தன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவர்கள் நாற்பது பேரைப் பிடித்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டி. ஒன்றைத் தட்டினார், ஒன்றைத் தட்டவில்லை. தட்டியதெல்லாம் எழுபதைத் தொட்டது, தட்டாததெல்லாம் ஐம்பதைச் சுற்றி நின்றது. அதன் பிறகு பழைய ஏடுகளை இறக்கி ஒரு வாரம் உட்கார்ந்தார். எட்டாம் நாள் ஆட்டோ பிடித்துச் சொர்ணம் வீட்டுக்குப் போனார்.

சொர்ணம் அவரிடம் இருபது வருடம் வேலை பார்த்த ஆய்வக உதவியாளர். அடிபட்ட செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வால் நீண்டிருக்கும், அறுந்தது ஒட்டினால் வால் குறுகிவிடும். அந்த வாலை அளப்பதில் சொர்ணத்தை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது ஓய்வுபெற்று வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். என்ன, முகமே சரியில்ல?"

"சொர்ணம், இருபத்தேழு வருசத்துக்கு முன்னாடி புல்லாநேரியிலேர்ந்து ரத்தம் வந்துச்சே, அது எப்படி வந்துச்சு?"

"எப்படி வரும்? பஸ்ஸுலதான். வண்டி வைக்க நமக்கு ஏது வசதி? டிரைவர்கிட்ட சொல்லி விட்டா எஞ்சின் பெட்டி மேல வச்சுக் கொண்டுவந்து குடுப்பாரு. நாலு மணி நேரம். அந்த ரோடு அப்ப ரோடா? குழாயெல்லாம் குலுங்கி, மேல மஞ்சளா தெளிய வேண்டிய தண்ணி ரோஸ் கலர்ல வந்து நிக்கும்."

"ரோஸ் கலரா?"

"நான் சொன்னேனே மேடம். ஏட்டுலகூட எழுதியிருப்பேன்."

எழுதித்தான் இருந்தது. சொர்ணத்தின் கையெழுத்தில், ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே, ‘இளஞ்சிவப்பு’ என்று. ஜெசிந்தா அதைப் போன வாரம்தான் முதல் தடவையாகப் படித்தார்.

"நான் என்ன பதில் சொன்னேன்?"

சொர்ணம் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "கரிசக்காட்டு ஆளுங்க ரத்தம், கெட்டியாத்தான் இருக்கும்னீங்க. வெயில்லயும் புழுதியிலயும் கிடந்து உரமேறின உடம்புன்னு சொல்லி ரெண்டு பக்கம் எழுதினீங்க. எனக்கே படிக்கப் பெருமையா இருந்துச்சு."

ஜெசிந்தாவுக்கு அந்த இரண்டு பக்கம் மனப்பாடம். அவர் ஆராய்ச்சியிலேயே அதிகம் பேர் எடுத்தாண்ட பக்கங்கள் அவை. ஏழைகளின் உடம்பை உசத்தி எழுதினால் எல்லாருக்கும் பிடிக்கும், எழுதுகிறவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு இப்போது அவமானமாக இருந்தது.

"புண்ணுல பெராக்சைடு ஊத்துனா நுரைக்குமே, ஏன் சொர்ணம்?"

"ரத்தத்துல இருக்கிற சரக்கு அதைத் தின்னுடுது. இதுகூடத் தெரியாமலா உங்ககிட்ட இருபது வருசம் குப்பை கொட்டினேன்?"

"அதேதான் நம்ம குழாய்லயும் நடந்திருக்கு. நாம பெராக்சைடு ஊத்தி செல்லை அடிச்சோம். எவ்வளவு சீக்கிரம் எழுந்திரிக்குதுன்னு பாத்தோம். ஆனா குலுங்கினதுல சிவப்பணு உடைஞ்சு, அந்தச் சரக்கு வெளிய வந்து பெராக்சைடை முதல்லயே தின்னு தீத்துடுச்சு. செல் மேல அடியே விழல. அடியே விழாத செல்லைப் பாத்து, அடேயப்பா, எவ்வளவு சீக்கிரம் எழுந்துடுச்சுன்னு எழுதிட்டோம்."

சொர்ணத்தின் கை இப்போது நின்றது. "அப்ப பெட்டி?"

"பெட்டியில எழுபதுன்னு கோடு போட்டதே அந்த பஸ் ரத்தத்தை வச்சுத்தான். பஸ்ஸை விட்டுட்டுப் பெட்டிக்கு மாறினதும் எண் இறங்கியிருக்கு. அவங்க தொடையில தட்டி அதைப் பழையபடி ஏத்திட்டாங்க."

"சரி மேடம், ரோஸ் கலர் எல்லாத்தையும் தள்ளிட்டுப் பாத்தா எழுபதுக்கு மேல எத்தனை பேர் தேறுவாங்க?"

"யாருமே இல்ல. ஒரு ஆள் கூட இல்ல. நான் பாத்ததுலயே அதிகம் அறுபத்து நாலு. இல்லாத மனுசனுக்கு அளவெடுத்து சட்டம் போட்டிருக்கோம், சொர்ணம்."

இத்தனை வருடத்தில் வேறு யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நகரத்துக்காரர்களுக்கு ஐம்பது வந்தது. அவர்கள் கொட்டகைக்குள் போகப் போவதில்லை, அதனால் கவலைப்படவில்லை. ஆலைக்கு எழுபது வந்தது, கேள்வி கேட்கவில்லை. ஊருக்கு இரட்டைக் கூலி வந்தது. எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கிற தப்பை யாரும் மெனக்கெட்டுத் தேடுவதில்லை.

சட்டத்தை நடத்துகிற மீளெண் வாரியத்துக்கு எழுதும் முன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. பேருந்தில் போனார். மோனிஷா வீட்டில் காப்பி கொடுத்தார்கள். காப்பியைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நாங்க சாதாரண ஆளுகதானா?" என்றாள் மோனிஷா.

"ஆமாம்மா. என்னை மாதிரி, எல்லாரை மாதிரியும்."

"எங்க அத்தை எண்பத்தொண்ணு. நாப்பத்தாறு வயசுல நெஞ்சுச் சளி கட்டிப் போயிருச்சு. எண்பத்தொண்ணு இருந்தும் போயிருச்சே, நம்ம கொடுப்பினை அம்புட்டுத்தான்னு நெனச்சோம்." அவள் குரல் உயர்ந்தது. "ஆறு வருசமா இருமுறப்பல்லாம் நான் அந்த எண்ணத்தான் நெனச்சுக்கிருவேன், டாக்டரம்மா. எழுபத்தாறு இருக்கே, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. மூக்குல துணி கட்டுனவளப் பாத்தா சிரிப்போம். ஒனக்கு எண்ணு கொறவாடின்னு கேலி பண்ணுவோம்."

ஜெசிந்தா மன்னிப்புக் கேட்டார். அதை மோனிஷா வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"சரி, இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? கொட்டகையை மூடிருவாகளா? இங்க அம்புட்டுப் பேருக்கும் வேற பொழப்பு ஏது?"

"மூட மாட்டாங்க. சட்டத்துல என்ன இருக்கு? எழுபதுக்குக் கீழ இருந்தா கவச உடை குடுக்கணும். யாருமே எழுபது இல்லன்னா எல்லாருக்கும் குடுத்துத்தான் ஆகணும். வேலையும் இருக்கும், உடையும் இருக்கும்."

"நெசமாவா?"

"சத்தியமா."

தட்டிய எழுபத்தாறும் தட்டாத நாற்பத்து மூன்றும் தன்னுடைய எண்கள்தான் என்று எழுதி மோனிஷா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பெயர் வெளியே வந்தால் ஊரில் ஏச்சுப்பேச்சு நிச்சயம் என்று தெரிந்துதான் போட்டாள்.

மீளெண் வாரியத்தின் செயலாளர் இளம்பரிதி தன்மையான மனிதர். ஜெசிந்தா கொடுத்த அறுபது பக்கத்தையும் படித்திருந்தார். "உங்க நேர்மைக்குத் தலைவணங்குறேன் மேடம்" என்று எழுந்து நின்று சொன்னார். அதை உண்மையாகவே சொன்னார் என்றுதான் ஜெசிந்தாவுக்குப் பட்டது. இரண்டு மாதத்தில் ஆணை வந்தது: மீளெண் சோதனை செல்லாது, இதுவரை வழங்கிய எண்கள் அனைத்தும் ரத்து.

அடுத்த வாரம் ஆலை வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். ‘எண் தேவையில்லை. பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரை அனைவரும் வரலாம்.’ கையுறை மட்டும் கொடுத்தார்கள். எழுபதுக்காரர்கள் என்று யாரும் இல்லாததால் இரட்டைக் கூலியும் இல்லை. நான்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

ஜெசிந்தா மறுநாளே வாரியத்துக்கு ஓடினார்.

"கவச உடை எங்க சார்?"

"சட்டத்தை நீங்களே படிங்க மேடம். மீளெண் எழுபதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு உடை. இப்ப மீளெண்ணே கிடையாது. கீழ உள்ளவங்கன்னு நாங்க யாரைச் சொல்றது?"

"அந்தப் புகை ஆளைத் தின்னுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியணுமில்ல? ஆலை வக்கீல் என்ன கேப்பாரு? இவங்க உள்ள போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு சரியான அளவு இருக்கான்னு கேப்பாரு. அந்த ஊர் அளவெல்லாம் தப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க." இளம்பரிதி குரலைத் தாழ்த்தினார். "நான் உங்க பக்கம்தான் மேடம். உள்ள போறதுக்கு முன்னாடி வருசக்கணக்கா ஒழுங்கா அளந்த ஒரு ஆளைக் காட்டுங்க. ஒரே ஒரு ஆள் போதும். உள்ள போன பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு அளந்து காட்டுங்க. உடை இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு நாளைக்கே தடை வாங்கித் தரேன். அப்படி யாராவது இருக்காங்களா?"

ஜெசிந்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் புல்லாநேரி ஆலை வாசலில் வரிசை வளைந்து ரோடு வரை வந்திருந்தது. மோனிஷா அதில் முன்னால் நின்றாள். இப்போது அவள் மேஸ்திரி இல்லை. கையெழுத்துப் போட்டவள் என்று ஊரில் பாதிப் பேர் அவளுடன் பேசுவதில்லை. பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜெசிந்தா வருவதைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"சத்தியம்னீகளே" என்றாள்.

"ஆமா, சொன்னேன்."

"இப்ப என்னத்துக்கு வந்தீக? இன்னொரு மன்னிப்பா?"

"வேலைக்கு வந்திருக்கேன்."

கேலி செய்கிறாரோ என்று மோனிஷா உற்றுப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். ஜெசிந்தா அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பாக்க ஒரு ரத்தம் வேணும். வாராவாரம் குத்திக்க வெளியாள் யார் வருவாங்க? அதனால என் கையைத்தான் குத்துவோம். எங்க லேப்ல அதுதான் பழக்கம். நாற்காலியிலேர்ந்து மைக்ராஸ்கோப்புக்கு நாலு எட்டு. பஸ்ஸும் கிடையாது, தட்டும் கிடையாது. இருபத்தேழு வருசமா, வாரம் தவறாம, ஒழுங்கா அளந்த ரத்தம் இந்த நாட்டுல என்னோடது ஒண்ணுதான்."

"ஒங்க எண்ணு என்ன?"

"ஐம்பத்தொண்ணு. எப்பவும் அதுதான்."

மோனிஷாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வரிசையில் தனக்கு முன்னால் இடம் விட்டாள். யாரோ முணுமுணுத்தார்கள். "எங்க ஆளுதான், சும்மா இருங்க" என்று அதட்டினாள்.

வாசலில் இருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பேரு?"

"ஜெசிந்தா."

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தஞ்சு வரைக்கும் எடுக்கலாம். எண்ணு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு படிவத்தில் அந்தக் கட்டத்தை அடித்தார். "முன்ன எங்கயாச்சும் வேலை பாத்துருக்கீகளா?"

"இந்த மாதிரி வேலை இல்ல."

ஒரு ஜோடி கையுறையைத் தள்ளினார். ஜெசிந்தா அதை மாட்டிக்கொண்டார். அளவு பெரிது.

"எத்தன நாளு உள்ள இருக்கணும்?" என்று கேட்டாள் மோனிஷா.

"ரத்தத்துல தெரியிற அளவுக்கு ஏதாவது ஆகிற வரைக்கும்."

மோனிஷா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, இரண்டாக மடித்து நீட்டினாள்.

"மூக்குல கட்டிக்கங்க, டாக்டரம்மா. உள்ள இடது பக்கம் போகாதீக, புகை அங்கிட்டுத்தான் எறங்கும்."

"வேண்டாம்மா. கட்டினா அளவு தப்பாயிடும்."

சங்கு ஊதியது. மோனிஷா அந்தத் துண்டைத் தன் மூக்கில் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தா இடது பக்கமாக நடந்தார்.